மேடைக்கு வந்த மின்சாரச் சங்கீதம்!
எந்தக் கருவியை வாங்குவது?

1969-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்குள்ள நவீன கலை மியூசியத்தின் தோட்டத்தில் ஒரு கச்சேரி நடந்தது. ஏராளமான கூட்டம்.

மேடையில் விநோதமான பெட்டிகள் இருந்தன. அவற்றில் வரிசை வரிசையாகத் திருகுகள். முன்னால் ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற கட்டைகள். அதுதான் "சிந்தசைசர்" என்ற மின்சார வாத்தியம். அதைச் செய்தவர் ராபர்ட் மூக் என்ற என்ஜினீயர்.

கச்சேரி முடியும் நேரம். பாட்டு உச்சத்தில் இருந்தது. திடீரென்று மின்சாரத் தொடர்பு அறுந்து விட்டது. அவ்வளவுதான்! பெட்டிகள் எல்லாம் ஊமையாகி விட்டன.

வீட்டில் அழகாகப் பாடும் கருவி, மேடையில் காலை வாரி விடலாம். அன்று தெரிந்த இந்த உண்மை இன்றைக்கும் பொருந்தும்.

கம்பியிலிருந்து பாட்டு எப்படி வருகிறது?

வீணையில் தந்தி அதிர்கிறது. நாதம் பிறக்கிறது. சிந்தசைசரில் தந்தி இல்லை. மின்சாரமே அதிர்கிறது. ஒரு வினாடியில் 440 தடவை அதிர்ந்தால் ஒரு சுரம். 880 தடவை அதிர்ந்தால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அந்த அதிர்வை ஒலிபெருக்கி நம் காதுக்குக் கொண்டு வருகிறது.

மூக் இந்தக் கருவியை 1964-ம் ஆண்டு உருவாக்கினார். ஆனால் அது பெரிய உருவம். ஒரு ஒலியை மாற்றி வேறு ஒலி வேண்டும் என்றால், கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருக வேண்டும். ரசிகர்கள் அதுவரை காத்திருப்பார்களா?

ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு மருந்து

1970-ம் ஆண்டு "மினிமூக்" வந்தது. எடை சுமார் 13 கிலோதான். 44 கட்டைகள். கம்பி செருகும் வேலை இல்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். மேடை விளக்குகளின் சூட்டில் சுருதியும் விலகும்.

1978-ம் ஆண்டு "பிராபெட்-5" வந்தது. ஒரே சமயத்தில் 5 சுரங்கள் ஒலித்தன. 40 வகை ஒலிகளை அது நினைவில் வைத்துக் கொண்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஒலி மாறி விடும். மேடைக் கலைஞர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

பிறகு வேறொரு தலைவலி. ஒரு கம்பெனியின் கருவி மற்றொரு கம்பெனியின் கருவியோடு பேசாது! அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குத்தாரோ ககேஹாஷியும் இதற்கு வழி கண்டார்கள். 1983-ம் ஆண்டு "மிடி" என்ற பொது மொழி பிறந்தது. மிடி கம்பியில் பாட்டு போகாது; கட்டளைதான் போகும். "இந்தக் கட்டையை அமுக்கினார்; இவ்வளவு வேகமாக அமுக்கினார்; இப்பொழுது விட்டு விட்டார்" என்று அது சொல்லும். இந்தச் சேவைக்காக இருவருக்கும் 2013-ம் ஆண்டு கிராமி பரிசு கிடைத்தது.

இப்பொழுது லேப்டாப் கம்ப்யூட்டரும் மேடை ஏறி விட்டது. நூறு வாத்தியங்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கி விட்டன.

அப்படியானால் எதை வாங்குவது?

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ மேடையில் வாசிக்க ஆசைப்படலாம். கருவி கேட்கலாம். கடைக்காரர் "இதில் ஆயிரம் ஒலிகள் இருக்கின்றன" என்பார். அதில் மயங்கி விடாதீர்கள்! ஒரு கச்சேரிக்குப் பத்துப் பதினைந்து நல்ல ஒலிகள் இருந்தால் தாராளம். பணம் எடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலில், என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ராகம் மட்டுமா? தாளமும் வேண்டுமா? மனிதனுக்கு இரண்டு கைகள்தான். இரண்டு கைகளும் செய்ய முடியாத வேலைக்குக் கருவி வாங்கிப் பயன் இல்லை.

இரண்டாவது, திருகுகள். மேடையில் வெளிச்சம் குறைவாக இருக்கும். அடிக்கடி தொட வேண்டிய திருகு, கண்ணை மூடினாலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கடையிலேயே கண்ணை மூடிச் சோதிக்கலாம்.

மூன்றாவது, தாமதம். கம்ப்யூட்டர் மூலம் வாசித்தால், கட்டையை அமுக்கியதும் ஒலி வராமல் சற்றுப் பிந்தி வரலாம். வினாடியில் நூறில் ஒரு பங்கு பிந்தினால், பதினோரு அடி தூரத்தில் இருந்து கேட்பது போல. அதைச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போகப் போகத் தாளம் தடுமாறும்.

நான்காவது, எடை. பெட்டியோடும் ஸ்டாண்டோடும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். மாடிப் படியில் தூக்கப் போகிறவர் நீங்கள்தான்!

ஐந்தாவது சோதனை முக்கியமானது. கருவியை அணைத்து விட்டு மறுபடியும் போடச் சொல்லுங்கள். எத்தனை வினாடியில் பழையபடி பாடுகிறது என்று எண்ணுங்கள். கச்சேரி நடுவே மின்சாரம் போய் வந்தால், அத்தனை நேரம் மேடை மௌனமாக இருக்கும்.

மிச்சப் பணத்தில் என்ன செய்வது?

கையில் உள்ள பணம் முழுவதையும் கருவியில் போட்டு விடாதீர்கள். ஒரு பகுதியை உதிரிச் சாமான்களுக்கு ஒதுக்குங்கள். கூடுதலாக இரண்டு கம்பிகள், ஒரு மாற்று அடாப்டர், நல்ல ஜங்ஷன் பாக்ஸ், கம்பிகளைத் தரையோடு ஒட்டி வைக்க ஒரு டேப். இவை சிறிய செலவு. யாராவது கால் தடுக்கி பிளக் கழன்றால் கச்சேரியே போய் விடும். அது பெரிய செலவு.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் மேடை ஏறும் முன் இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்து விடுவது நல்லது. பாட்டு நடுவில் அது வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது.

வாங்கிய கருவியோடு ஒரு முறையாவது வீட்டார் முன் முழுக் கச்சேரி நடத்திப் பாருங்கள். நிறுத்தக் கூடாது. தவறினாலும் தொடர வேண்டும். எந்தப் பெட்டி தேவை இல்லை என்று அன்று தெரிந்து விடும். அதைத் தயங்காமல் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

ரசிகர்கள் பெட்டிகளை எண்ண வருவதில்லை. பாட்டுக் கேட்க வருகிறார்கள்!