சமையற்கட்டுக்குள் வரும் பரிசோதகர்

திருப்பரங்குன்றத்தில் உணவு விடுதி நடத்தும் அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய பரிசோதகர், புதிதாக வர்ணம் பூசிய முன்கூடத்தை ஏறிட்டும் பாராமல், நேரே சமையற்கட்டுக்குள் சென்று புகைக்கூண்டினுள் டார்ச் அடித்துப் பார்த்தாராம்; அதற்குக் காரணம் யாது என்று வினவுகிறார். முருகப்பெருமான் தெய்வயானையை மணந்த தலமாதலால், முகூர்த்த நாள்களில் கல்யாணக் கூட்டம் பெருகி, விடியுமுன் மூட்டிய அடுப்பு இரவு வெகுநேரம் வரை அணையாத அவ்வூரிலிருந்து இக்கேள்வி எழுந்தது மிகவும் பொருத்தமே.

தீக்காப்பீடே ஓர் அடுப்படி விபத்தின் விளைவாகத் தோன்றியதுதான். 1666-இல் லண்டன் மாநகரைச் சாம்பலாக்கிய பெருந்தீ, புட்டிங் லேன் என்ற சந்தில் இருந்த ஒரு ரொட்டிக் கடையில் மூண்டது. அவ்வழிவுக்குப் பின்னரே நிக்கோலஸ் பார்பன் முதலியோர் அந்நகரில் வீடுகளுக்குக் காப்பீடு அளிக்கத் தொடங்கினர்.

பரிசோதகர் முதலில் கூரையைப் பார்ப்பார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்தில் தோன்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை அறிந்தவர்கள், கொட்டகையின் கீழ் அடுப்பு எரிவதைக் கண்டு வாளாவிருக்க மாட்டார்கள். அடுத்துச் சிலிண்டர்களை எண்ணுவார். 100 கிலோவுக்கு மேல் எரிவாயு வைக்க லைசென்ஸ் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து வரை தடையில்லை, ஆறாவது வந்தால் அளவு மீறிவிடும். இவ்வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே, காற்றுத் துவாரம் தரையை ஒட்டியும் இருக்கிறதா என்று குனிந்து நோக்குவார்.

எனினும், அவர் பிரதானமாகக் கருதுவது புகைக்கூண்டையே. கொதிக்கும் எண்ணெயினின்று எழும் ஆவி, புகையோடு மேலேறி, தகரக் குழாயில் பட்டுக் குளிர்ந்து பிசுக்காகப் படிகிறது. எங்கள் வீட்டு விளக்கு மாடத்தில் ஆண்டு முழுவதும் படிந்த பிசுக்கை, மார்கழி பிறக்குமுன் என் தாயார் கரண்டிக் காம்பால் சுரண்டும்போது அது கருந்தோலாய் உரிந்து வருமே, அதுபோன்ற படலம்தான் இதுவும். குழாயின் பொருத்துவாய்களில் பழுப்பு நிறத் துளிகள் கசிந்து தொங்கினால், உள்ளே படலம் தடித்துவிட்டது என்று அறியலாம். கீழே ஒரு சுவாலை எழும்பி அதைத் தொட்டுவிட்டால், அக்குழாய் முழுவதும் எரிந்து தீயை மாடிக்கே கொண்டு சேர்க்கும்.

எண்ணெய்த் தீயின் சுபாவம் விசித்திரமானது. வடை பொரிக்க ஏறத்தாழ 180 பாகை வெப்பம் போதும். கவனிப்பாரின்றி 350 பாகையை எட்டிய எண்ணெய், தீக்குச்சியின் உதவியின்றித் தானே பற்றிக்கொள்ளும். பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றினால், அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, கணத்தில் நீராவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு விரிந்து, எரியும் எண்ணெயை எங்கும் வாரி இறைக்கும். இதற்கெனவே ‘கே’ வகை என்றும் ‘எஃப்’ வகை என்றும் வழங்கும் தீயணைப்பான் ஒன்று உண்டு. அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல், கொதிக்கும் எண்ணெயில் பட்டதும் அந்த எண்ணெயையே சோப்பாக மாற்றிவிடுகிறது! அவ்வாறு உண்டான சோப்பு நுரை மேலே போர்வையாகப் படர்ந்து காற்றைத் தடுக்க, கரைசலின் நீர் வெப்பத்தைத் தணிக்க, தீ அடங்கி மீண்டும் மூளாமல் நிற்கிறது. எரியும் பொருளைக்கொண்டே தீயை அவிக்கும் இந்த ரசாயன நுட்பத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இத்தகைய சாதனம் கிடைக்கும் காலத்திலும், பல விடுதிகளில் துருப்பிடித்த, காலாவதியான தீயணைப்பான் ஒன்று, அதுவும் மாவு மூட்டைக்குப் பின்னால் கிடப்பதைக் காண்கையில் மனம் வருந்துகிறது. விளம்பரப் பலகைக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவோர், புகைக்கூண்டைச் சுரண்ட ஒரு நாள் கூலி கொடுக்கத் தயங்குகிறார்கள். பிரீமியம் குறையட்டும் என்று விறகடுப்பையோ, மிகுதியான சிலிண்டரையோ மறைப்போரும் உளர்; மறைத்த செய்தி பின்னர் வெளிப்பட்டால் இழப்பீடே மறுக்கப்படலாம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பெருமளவில் சமைக்கும் இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், விறகும் கரியும் எரியும் இடங்களில் மாதந்தோறும் புகைக்குழாயைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்பு நெறிமுறை விதிக்கிறது. அன்பரே, அடுத்த முகூர்த்த மாதம் பிறக்குமுன் தங்கள் குழாயையும் துப்புரவு செய்துவிடுங்கள். காப்பீட்டுப் பணம் கட்டடத்தைத் திரும்ப எழுப்பலாம். அடுப்படியில் நிற்கும் தொழிலாளியின் உயிரை எந்தப் பாலிசியும் மீட்டுத் தராது.