நாற்றிலும் சிசுவிலும் துத்தநாகக் குறைவு

துத்தநாகம் என்றவுடன் குடியானவர்களுக்குக் கூரைத் தகடும், வாளிக்குப் பூசும் முலாமுமே நினைவிற்கு வரும். ஆயினும் அவ்வுலோகத்தின் மிகச் சிறிய பங்கு நெற்பயிருக்கும், நெற்சோறுண்டு வளரும் குழந்தையின் மூளைக்கும் இன்றியமையாததாகும். நிலத்தில் அது குறைந்தால் மகசூல் குறையும். தாயின் உணவில் குறைந்தால் பிள்ளையின் வளர்ச்சி தடைப்படும்.

வயலில் காணும் அடையாளம்

நடவு செய்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அடியிலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றும். நடுநரம்பின் அடிப்பாகம் வெளுக்கும். பயிர் குட்டையாய், திட்டுத்திட்டாய் நிற்கும். பந்த்நகரில் இந்நோயை ஆராய்ந்த டாக்டர் ஒய். எல். நெனே, இதற்குக் காரணம் துத்தநாகக் குறைவே என்று 1966-இல் தெளிவுபடுத்தினார். இடைவிடாது நீர் தேங்கும் வயல், களர் நிலம், சுண்ணாம்பு மிகுந்த நிலம், மணிச்சத்து அளவுக்கு மிஞ்சி இடப்பட்ட நிலம் ஆகியவற்றில் இக்குறை அதிகம். தமிழ்நாட்டில் பரிசோதிக்கப்பட்ட மண் மாதிரிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இக்குறை உடையனவாய்க் காணப்பட்டன.

மூளைக்கு நேரும் தீங்கு

பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத் 1958-இல் ஈரானிலுள்ள ஷிராஸ் நகரில் ஒரு நோயாளியைக் கண்டார். அவருக்கு வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது, மனமும் சோர்ந்திருந்தது. புளிக்காத மாவு ரொட்டியே அவரது முக்கிய உணவு. மண்ணும் தின்று வந்தார். இத்தகையோரின் நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்பது பின்னர் எகிப்தில் நடந்த ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று.

உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதற்குத் துத்தநாகம் வேண்டும். கருவிலும், பிறந்த முதலிரண்டு ஆண்டுகளிலும் மூளை விரைந்து வளர்வதால் அக்காலத்துத் தேவை பெரிது. மேலும், நினைவாற்றலுக்கு உரிய மூளைப் பகுதியில் சில நரம்பணுக்களின் நுனியில் துத்தநாகம் தங்கி, செய்தி கடத்துவதில் உதவுகிறது. இச்சத்தின்றி வளர்க்கப்பட்ட தாயெலிகளின் குட்டிகளுக்கு மூளை சிறுத்தது, கற்குந்திறன் குன்றிற்று. டெல்லிக் குழந்தைகளிடம் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், துத்தநாகம் பெற்ற குழந்தைகள் கூடுதலாக ஓடியாடினர். எனினும் துத்தநாகம் ஒன்றைக் கொடுத்தாலே அறிவு பெருகும் என்று பிற பரிசோதனைகள் நிரூபிக்கவில்லை. குறையைப் போக்குதலே நோக்கமாயிருத்தல் வேண்டும்.

நிலத்திற்குப் பரிகாரம்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பகுதிக் குடியானவர்கள் முதலில் மண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குறை காணின் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவிற்குச் சற்று முன்னர்த் தூவுக. தழையுரம் போதிய அளவு இட்ட வயலுக்கு இதில் பாதி போதும். மணிச்சத்து உரத்துடன் இதைச் சேர்த்து இடலாகாது. சத்து கரையாமற் போகும். நின்ற பயிரில் குறை தோன்றின், 100 லிட்டர் நீரில் அரைக் கிலோ துத்தநாக சல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கரைத்து, அடையாளம் மறையும் வரை பதினைந்து நாட்களுக்கொருமுறை தெளிக்கவும். மணியிற் சத்தேற்றுவதற்கு மண்ணிலிடுவதைவிட, பால் பிடிக்கும் பருவத்தில் இலைவழி தெளிப்பது மேல். 2016-இல் வெளியான டி.ஆர்.ஆர். தான் 45 என்னும் நெல்லின் அரிசியில் சாதாரண ரகங்களைவிடத் துத்தநாகம் மிகுதி. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டு நிலத்திற்கேற்ற ரகத்தைத் தேர்ந்துகொள்க.

ஆலைகளிற் கழிக்கப்படும் நாகச் சாம்பலை மலிவென்று வாங்கி வயலில் இடுதல் கூடவே கூடாது. அதில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கக்கூடும். ஈயம் குழந்தையின் மூளையையே கெடுப்பது. உரிமம் பெற்ற கடையில் மூட்டையின் சீட்டைப் பார்த்தே உரம் வாங்குக.

அடுப்படியில் செய்யத்தக்கவை

தானியத்திலும் பருப்பிலுமுள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தை உடலிற் சேரவொட்டாது தடுக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவற்றால் அத்தடை குறையும். இட்லி மாவைப் புளிக்க வைப்பதிலும் பயறு முளைகட்டுவதிலும் நம் பெண்டிருக்குப் பழக்கம் உண்டு. பழவேற்காட்டு நண்டும், முட்டையும், இறைச்சியும் கிடைப்போர்க்கு நலம். ஏனையோர்க்குக் கொண்டைக்கடலை, எள், பரங்கி விதை உதவும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டானால், உப்புச்சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டுமென 2004-இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அளவை வைத்தியர் சொற்படி கொள்க.

இச்சத்தை உடல் சேமித்து வைப்பதில்லை. நாள்தோறும் உணவில் வரவேண்டும். ஆதலின் அடுத்த பருவ நடவிற்கு முன்னரே ஒவ்வொரு குடியானவரும் தம் வயல் மண்ணைப் பரிசோதிப்பாராக. மகசூலும் மக்கட்செல்வமும் ஒருங்கே தழைக்கும்.