கடல்மணலில் பிறந்த ஈயம்

கேரளத்தின் செங்கல் என்ற ஊரில் இருந்து பூவாறுக்குப் போனால் நெய்யாறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்கலாம். எல்லை தாண்டிக் குமரிக் கடற்கரைக்கு வந்தால் மணவாளக்குறிச்சி. 1956 வரை எல்லாமே ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. மலைப்பாறைகள் உதிர்ந்து, ஆறுகளில் உருண்டு, அலையால் சலிக்கப்பட்ட கனிமங்கள் இந்தக் கரையில் கிடக்கின்றன. கருப்பாக மின்னுவது இல்மனைட். அதனிடையே தேன் நிறத்தில் தெரிவது மோனசைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சியில் அதைக் கண்டறிந்த நாள்முதல் உலகம் இந்த மணலை அதிலுள்ள தோரியத்துக்காகத் தேடி வந்தது. இந்த வாரம் நாம் பேசப்போவது, அதே மணிக்குள் ஒளிந்திருக்கும் ஈயத்தைப் பற்றி.

தோரியத்தின் நிறை எண் 232. அது சிதையச் சிதைய ஆறு ஆல்ஃபா துகள்களை, அதாவது 24 அலகு நிறையை, இழந்து கடைசியில் 208 நிறையுள்ள ஈயமாக அடங்குகிறது. பாடப்புத்தக ஈயத்தின் அணு எடையோ 207.2. அப்படியானால் தோரியக் கனிமத்தில் பிறந்த ஈயம் சற்றுக் கனமாக இருந்தாக வேண்டும். இதைச் சோதிக்க வேதியியலாளர் ஃபிரடெரிக் சாடி நாடியது நம் அண்டை நாட்டை. இலங்கையின் தோரைட் கனிமத்தில் இருந்து அவர் பிரித்தெடுத்த ஈயம், சாதாரண ஈயத்தைவிடச் சுமார் 0.26 சதவீதம் அடர்த்தி மிகுந்திருந்தது. அணு எடை 207.7-ஐத் தாண்டியது. அதே காலத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியலாளர், யுரேனியக் கனிமங்களின் ஈயம் 207-க்கும் குறைந்த எடை காட்டுவதை நிறுவினார். ஒரே தனிமம், பிறந்த இடத்துக்கு ஓர் எடை! வேதியியலின் அடித்தளத்தையே அசைத்த முடிவு இது. அதில் இலங்கைப் பாறைக்கும் பங்குண்டு என்பதை நம் பள்ளிகளில் சொல்லாமல் விடுவது எனக்கு இன்றும் வருத்தம்.

தராசு சொன்னது சராசரியை மட்டும்தான். அணுக்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டியது ஆஸ்டன் என்ற விஞ்ஞானி 1919-இல் கேம்பிரிட்ஜில் அமைத்த நிறை நிறமாலைமானி. அணுவில் இருந்து எலக்ட்ரானைப் பறித்து அயனியாக்கி, மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அதன் பாதையை வளைக்கிறார்கள். வளைவில் திரும்பும் வண்டிகளைப் போல, ஒரே வேகத்தில் வரும் அயனிகளில் கனமானது குறைவாகவே திரும்பும். லேசானது சட்டென வளையும். நியானின் 20.2 என்ற எடை, 20-உம் 22-உம் கலந்த சராசரி என்பது அப்படித்தான் உறுதியானது. ஈயம் எளிதில் வசப்படவில்லை. 1927-இல் ஆவியாகக்கூடிய ஓர் ஈயச் சேர்மத்தைக் கருவிக்குள் செலுத்திய பிறகே 206, 207, 208 என்ற மூன்று கோடுகளும் பதிவாயின.

இன்று அதே முறையின் நுட்பமான வாரிசுகள் ஒற்றை மோனசைட் மணிக்கே வயது கணிக்கின்றன. தோரியத்தில் பாதி சிதைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரம் உட்பட்ட தென்கேரளப் பாறைகளின் மோனசைட் பெரும்பாலும் 55 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயது காட்டுகிறது. அவ்வளவு காலத்திலும் நூறு தோரிய அணுக்களில் மூன்றுகூடச் சிதைந்திருக்காது. அந்தச் சொற்ப ஈயத்தை ஐசோடோப்பு வாரியாக, அதாவது வெவ்வேறு நிறையுள்ள அணு வகைகளாகப் பிரித்து, அளந்துதான் இந்த வயதைச் சொல்கிறார்கள். இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இதே வயதுள்ள பாறைகள் பரவலாக உண்டு. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது இவை அனைத்தும் ஒரே மலைத்தொடரின் வேரில் வெந்தவை.

2021-இல் வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் ஈயத்தின் அணு எடையை ஒற்றை எண்ணாகத் தருவதைக் கைவிட்டு, 206.14 முதல் 207.94 வரை என்று அறிவித்தது. இந்தக் கடற்கரையோரப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வகுப்பறைச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையில் 207.2-க்குப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். காரணம் கேட்கும் பிள்ளைக்கு உங்கள் ஊர் மணலைக் காட்டுங்கள்.