அலுவலக வட்டாரமும் போக்குவரத்தும் (வட சென்னை)

நகர மைய அலுவலக வட்டாரம் என்பது வங்கிகள், வணிக நிறுவனங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியன நெருங்கி அமைந்துள்ள நகர்ப்பகுதி ஆகும். இத்தகைய வட்டாரம் எங்கே உருவாகும் என்பதை நில விலையுடன் பொதுப் போக்குவரத்தும் நடந்து செல்லும் வசதியும் தீர்மானிக்கின்றன. சென்னையில் பாரிமுனை இவ்வாறு உருவானது. அதற்கு வடக்கே, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள டோல்கேட்டில் 2021 முதல் மெட்ரோ நிலையம் இயங்கியும் அலுவலக வட்டாரம் உருவாகவில்லை.

பாரிமுனையின் வளர்ச்சி

1856இல் தென்னிந்தியாவின் முதல் தொடருந்து நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. எனினும் அலுவலகங்கள் தொடருந்தைத் தேடி அங்கே செல்லவில்லை. கோட்டைக்கும் சுங்க அலுவலகத்துக்கும் அருகிலேயே நிலைத்தன. தொலைபேசி பரவாத அக்காலத்தில் கப்பல் நிறுவன எழுத்தர் ஒருவர் சுங்க அலுவலகம், வங்கி, அஞ்சலகம் ஆகியவற்றுக்கு ஒரே நாளில் பலமுறை நடக்க வேண்டியிருந்தது. இன்றைய இராஜாஜி சாலையிலும் அதை ஒட்டியும் இவையனைத்தும் நடை தொலைவில் இருந்தன. பொது அஞ்சலகக் கட்டடம் 1884இலும் உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இலும் பயன்பாட்டுக்கு வந்தன.

1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சாரத் தொடருந்து வந்தபின், ஊழியர்கள் தொலைவில் குடியிருந்துகொண்டே இங்கு பணிபுரிய முடிந்தது. பல வழித்தடங்கள் ஒரே இடத்தில் கூடியதும், இறங்கியபின் நடந்தே வேலையை முடிக்க இயன்றதும் இவ்வட்டாரத்தின் பலமாகும். டிராம் 1953இல் நின்றது. 2002இல் வெளியூர்ப் பேருந்துகள் பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்பே பெரிய நிறுவனங்கள் அண்ணா சாலையை நாடத் தொடங்கிவிட்டன.

டோல்கேட்டின் நிலை

வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் மெட்ரோ நீட்டிப்பு 2021 பெப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 9 கி.மீ. டோல்கேட்டிலிருந்து உயர் நீதிமன்ற நிலையம் ஆறாவது நிறுத்தம் ஆகும். பேருந்து நிலையமும் இங்கு உண்டு. ஆகவே போக்குவரத்து இல்லை என்று கூற இயலாது.

குறைபாடு நிலையத்துக்கு வெளியே உள்ளது. பொதுவாக ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, அதாவது சுமார் 800 மீட்டர், அதன் பயன் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. டோல்கேட்டில் இவ்வட்டத்தின் கிழக்குப் பகுதியைக் கடல் குறைத்துவிடுகிறது. மேற்கே தண்டையார்பேட்டைத் தொடருந்துப் பணிமனைப் பரப்பு குறுக்கிடுகிறது. எஞ்சிய ஒடுங்கிய நிலத்தில் குடியிருப்புகளும் கிடங்குகளும் நெருக்கமாக உள்ளன. துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லாரிகளும் இப்பகுதிச் சாலைகளையே நம்பியுள்ளன. நடப்போருக்கு இது பெரும் இடையூறு. இதனால் இங்குள்ள மெட்ரோ அலுவலகங்களை வரவழைப்பதை விட, வடசென்னை மக்களைத் தெற்கிலுள்ள அலுவலகங்களுக்குக் கொண்டு செல்லவே அதிகம் பயன்படுகிறது.

ஒப்பீடு

தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது. அருகிலுள்ள திருவான்மியூருக்குப் பறக்கும் தொடருந்து 2004இல்தான் வந்தது. அகன்ற நிலம் கிடைத்தால் தொடருந்துக்கு முன்பே அலுவலகங்கள் வரக்கூடும் என்பதற்கு இது சான்று. அங்கே நிறுவனப் பேருந்துகளும் சொந்த வாகனங்களும் அக்குறையை ஈடுசெய்தன.

இலண்டனில் 1980இல் மூடப்பட்ட மேற்கிந்தியக் கப்பல்துறைப் பகுதியில் கேனரி வார்ஃப் அலுவலக வட்டாரம் கட்டப்பட்டது. இலகு தொடருந்து 1987 முதல் ஓடியும், அதை உருவாக்கிய நிறுவனம் 1992இல் நொடித்தது. 1999இல் ஜூபிலி சுரங்கப்பாதை வந்த பின்னரே இவ்வட்டாரம் வேரூன்றியது. ஆனால் அங்கு கப்பல்துறை மூடப்பட்டதால் நிலம் காலியானது. சென்னைத் துறைமுகமோ இன்றும் இயங்கி வருகிறது.