அந்துருண்டை பச்சையாகும்போது

பீரோவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்துருண்டை வாசனை நாப்தலீனுடையது. (இப்போது கடையில் அதே பெயரில் வேறு சரக்கும் விற்கிறார்கள்.) இரண்டு பென்சீன் வளையங்கள், பக்கத்து வீடுகள் போல ஒரு சுவரைப் பொதுவாக வைத்துக்கொண்ட மூலக்கூறு அது. அதனிடம் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுமா?

எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றலுக்கு எலக்ட்ரான் நாட்டம் என்று பெயர். குளோரின் அணுவுக்கு அது 3.6 எலக்ட்ரான் வோல்ட். பென்சீனுக்கோ ஏறக்குறைய −1.1. அதாவது, ஆற்றலைச் செலவழித்துத்தான் உள்ளே திணிக்க வேண்டும். திணித்தாலும், ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தங்காமல் எலக்ட்ரான் ஓடிவிடும். பிணைப்புக்கு உதவும் இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சமிருப்பது பிணைப்பைத் தளர்த்தும் இடம் மட்டுமே.

வளையம் கூடினால் எலக்ட்ரான் பரவிக்கொள்ள இடம் கிடைக்கிறது. நாப்தலீனுக்கு −0.2, மூன்று வளைய ஆந்த்ரசீனுக்கு +0.5, ஐந்து வளையப் பென்டசீனுக்கு 1.4. எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை, அடுக்கும் முக்கியம்: அதே மூன்று வளையங்கள் வளைந்து நிற்கும் ஃபினாந்த்ரீனுக்குப் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான்.

நாப்தலீன் நிற்பது வாசற்படியில். தனியாக இருந்தால் வாங்காது. ஒரே ஒரு நீர் மூலக்கூறு துணைக்கு ஒட்டிக்கொண்டால், எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற நாப்தலீன், அதாவது அதன் எதிரயனி, நிலைத்துவிடுகிறது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆர்கான் நிரப்பிய குடுவையில், ஈரமே இல்லாத டெட்ராஹைட்ரோஃபியூரானில் நாப்தலீனைக் கரைத்து, புதிதாக நறுக்கிய சோடியத் துண்டுகளைப் போடுவார்கள். உலோகத்தைச் சுற்றிப் பச்சை இழைகள் கிளம்பும்; சற்று நேரத்தில் குடுவை முழுக்கக் கரும்பச்சை. சோடியம் தந்த எலக்ட்ரான் இப்போது நாப்தலீனில் இருக்கிறது. கொஞ்சம் காற்று புகுந்தாலும் நிறம் போய்விடும்.

1956இல் வேதியியலாளர் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் இந்தப் பச்சைக் கரைசலில் ஸ்டைரீனைச் சேர்த்தார். பச்சை சிவப்பானது. எலக்ட்ரான் ஸ்டைரீனுக்குக் கைமாறி, பாலிமர்ச் சங்கிலி வளரத் தொடங்கியது. ஸ்டைரீன் தீர்ந்த பிறகும் சங்கிலியின் முனைகள் சாகவில்லை. மேலும் ஊற்றினால் மேலும் வளர்ந்தன. 'உயிருள்ள பாலிமர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

தோசைக்கல்லில் எதையும் ஒட்டவிடாத டெஃப்லானில் பசை ஒட்ட வேண்டுமானால், தொழிற்சாலைகளில் அதைச் சோடியமும் நாப்தலீனும் சேர்ந்த இதே வகைக் கரைசலில் முக்கி எடுப்பதுண்டு. எலக்ட்ரான் பாய்ந்து மேற்பரப்பின் ஃபுளூரினைப் பிய்த்துவிட, வெள்ளையாகப் போன டெஃப்லான் பழுப்பாக வெளியே வரும்.