டெட்லிஃப்டில் இடுப்பை எங்கே வைப்பது?

டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலை இரண்டும் ஒரே மட்டம். குடித்துவிட்டு எழுந்தால் ஒருவர் மற்றவரைவிட அரை அடி உயரம். அந்த அரை அடி முழுக்கக் காலில் இருக்கிறது. இதைக் கவனித்தவருக்கு டெட்லிஃப்ட் பாதி புரிந்த மாதிரிதான். மீதியை டீ ஆறுவதற்குள் பேசிவிடலாம்.

ஜிம்மில் அடிக்கடி நடப்பது இது. குட்டைக் காலும் நீண்ட உடம்புமாக இருக்கும் மாஸ்டர், பாரைப் பிடித்து, இடுப்பை நன்றாகத் தாழ்த்தி, நெஞ்சை நிமிர்த்தி அழகாகத் தூக்கிக் காட்டுவார். "இதே மாதிரி செய் தம்பி." ஆறடிக்கு மேல் வளர்ந்த தம்பி அதே மாதிரி இடுப்பைத் தாழ்த்துவான். முழங்கால் முன்னே வந்து பாரை விரல் பக்கம் தள்ளும். இழுத்தால் பார் அசையாது. இடுப்பு மட்டும் மேலே எழும்பும். அப்புறம்தான் பார் தரையை விட்டுக் கிளம்பும். "இடுப்பு முந்துது, ஃபார்ம் சரியில்லை" என்பார் மாஸ்டர். தம்பி இன்னும் தாழ்த்துவான். இடுப்பு இன்னும் வேகமாக முந்தும்.

மாஸ்டர் பார்த்தது சரி. சொன்ன வைத்தியம்தான் தலைகீழ். அந்தப் பையனின் இடுப்பு எந்த உயரத்துக்கு ஓடிப்போய் நின்றதோ, அதுவே அவன் தொடங்க வேண்டிய உயரம்.

ஏன் என்று பார்ப்போம். டெட்லிஃப்டில் எல்லா உடம்புக்கும் பொதுவானவை கொஞ்சம்தான். பார் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனி வரை அளந்தால் பாதி, அதாவது ஷூ லேஸ் முடிச்சு இருக்கும் இடம். அங்கிருந்து பார் நேர்கோட்டில் மேலே போக வேண்டும். போகும்போது கீழ்முதுகு வடிவம் மாறக் கூடாது. இடுப்பின் உயரம், முதுகின் சாய்வு, கால்களின் அகலம் எல்லாம் உங்கள் தொடை, உடம்பு, கை ஆகிய மூன்றின் நீளத்தைப் போட்டால் வரும் விடை. அடுத்தவர் விடையைப் பார்த்து எழுதினால் கணக்கு உதைக்கும்.

கனமான பார் தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் தோள்பட்டை எலும்புகள் ஏறக்குறைய பாருக்கு நேர் மேலே இருக்கும். கை கயிறு போலத் தொங்கும். ஆக, தோளின் உயரத்தைக் கையின் நீளம் தீர்மானித்துவிடுகிறது. கை நீளமானால் தோள் மேலே நிற்கும், முதுகு நிமிரும். கை குட்டையானால் தோள் பாரை நோக்கி இறங்கும், முதுகு படுக்கும். தொடை எலும்பு நீளமானால் இடுப்பு மூட்டு பின்னால் தள்ளிப் போகும். அப்போதும் முதுகு படுக்கும். நீண்ட உடம்பும் குட்டைக் காலும் உள்ளவருக்கு இடுப்பு தாழ்ந்து, முழங்கால் நன்றாக மடங்கி, முதுகு நிமிர்ந்து நிற்கும். நம் மாஸ்டர் இந்த வகை.

முதுகு படுத்தால் என்ன நஷ்டம்? தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துச் சுமப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பாருக்கும் இடுப்பு மூட்டுக்கும் நடுவே கிடைமட்டமாக எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு இடுப்பும் முதுகும் உழைக்க வேண்டும். ஒருவருக்கு அந்தத் தூரம் 20 செ.மீ., இன்னொருவருக்கு 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தூக்குவது 100 கிலோதான். ஆனால் முதலாமவர் 150 கிலோ தூக்கும்போது அவர் இடுப்பில் விழும் சுமை, இரண்டாமவருக்கு 100 கிலோவிலேயே விழுந்துவிடுகிறது. இதில் சோம்பலும் இல்லை, பலவீனமும் இல்லை.

உங்கள் உடம்பு எந்த வகை என்று அறிய ஆய்வகம் வேண்டாம். வெறும் பாரைக் கையில் தொங்கவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பார் தொடையின் நடுப்பகுதியில் படுகிறதா, கவட்டைக்கு அருகிலேயே நின்றுவிடுகிறதா? கீழே போகப் போக டெட்லிஃப்ட் உங்களுக்குச் சொந்தக்காரர். மேலே நின்றால் தூரத்து உறவு. தொடை நீளத்துக்கு அந்த டீக்கடை பெஞ்சே போதும்.

எலும்பு ஒருவருக்கு எவ்வளவு வாரிக்கொடுக்கும் என்பதற்கு அமெரிக்காவின் லாமர் கான்ட்டைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 60 கிலோ எடைப் பிரிவில் போட்டியிட்ட மனிதர். 1985இல் 300 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். தன் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு தூக்கிய முதல் ஆள் அவர். கைகள் மிக நீளம். அதோடு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கும் நிலை, அவருக்கு இருந்தது. அதனால் உடம்பு குறுகி, கை இன்னும் கீழே தொங்கியது. முழுதாக நிமிர்ந்து நிற்கும்போது பார் அவருக்கு முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருக்கும். மற்றவர்களுக்கு அங்கேதான் பாதி வழி. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நீண்ட கை உள்ளவர்களெல்லாம் 300 கிலோ தூக்கிவிடவில்லையே. ஆனால் அவர் வீடியோவைப் பார்த்து ஃபார்ம் கற்றுக்கொள்ள நினைப்பவர் முதலில் தன் கையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, நீளத் தொடை, குட்டைக் கை என்று வரம் வாங்கி வந்தவர் என்ன செய்வது? முதலில், படுத்த முதுகை ஏற்றுக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கீழ்முதுகு வடிவம் மாறாமல் இருந்தால் அதில் தப்பில்லை. முதுகும் பின்தொடையும் பலப்பட நாளாகும், அதனால் எடையை நிதானமாக ஏற்ற வேண்டும். கையை அகலமாகப் பிடிக்கவே கூடாது. இருக்கிற கொஞ்ச நீளமும் அதில் போய்விடும். காலை ஒட்டி, தோளிலிருந்து நேராகத் தொங்கவிட்டுப் பிடியுங்கள்.

இரண்டாவது வழி சுமோ. கால்களை அகட்டி, பாதங்களை வெளியே திருப்பி, கைகளைக் கால்களுக்கு நடுவே இறக்கிப் பிடிப்பது. தொடை பக்கவாட்டில் திரும்பிவிடுவதால் இடுப்பு பாருக்கு அருகில் வந்துவிடும். தொடையின் நீளம் அப்படியே இருந்தாலும் பின்னால் தள்ளுகிற நீளம் குறைகிறது. முதுகு நிமிர்கிறது, பார் போக வேண்டிய தூரமும் குறைகிறது. அதற்குப் பதில் தரையிலிருந்து கிளப்புவது கடினம். சாதாரண முறையில் பலர் முழங்கால் அருகே திணறுவார்கள், சுமோவில் தொடக்கத்திலேயே. சுமோ ஏமாற்று வேலை என்று ஒரு சண்டை ஓயாமல் நடக்கும். பவர்லிஃப்டிங் விதிகள் அதை அனுமதிக்கின்றன, ஸ்ட்ராங்மேன் போட்டிகள் அனுமதிப்பதில்லை, அவ்வளவுதான். போட்டிக்கே போகாதவர்கள்தான் இதில் அதிகம் கோபப்படுகிறார்கள்.

ஆனால் சுமோவுக்கும் எலும்பின் சம்மதம் வேண்டும். இடுப்பு மூட்டின் குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்க்கிறது, தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு இடது, வலதுகூட மாறும். கால்களை அகட்டி மெல்ல உட்கார்ந்து பாருங்கள். உள்தொடையில் தசை இழுத்தால் பழகப் பழகச் சரியாகலாம். இடுப்பின் முன்மடிப்பில் எதுவோ இடித்து நிற்கிற மாதிரி இருந்தால் அந்த அகலம் உங்களுக்கு இல்லை. எவ்வளவு ஸ்ட்ரெச்சிங் செய்தாலும் எலும்பு வளையாது. கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். 1991இல் 100 கிலோ பிரிவில் 901 பவுண்டு, கிட்டத்தட்ட 409 கிலோ, தூக்கிய எட் கோன் நின்றது அப்படி ஒரு இடைப்பட்ட அகலத்தில்தான். சாதாரண முறையும் இல்லை, முழுச் சுமோவும் இல்லை.

வயிறு பெரிதாக உள்ளவர்களுக்கும் இதே தர்மம்: கால்களைச் சற்று அகட்டி விரல்களை வெளியே திருப்பினால் வயிறு தொடைகளுக்கு நடுவே இறங்க இடம் கிடைக்கும்.

மூன்றாவது வழியைத்தான் பலரும் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்: பாரை உயர்த்திவிடுவது. போட்டித் தரத்துப் பெரிய பிளேட்டின் விட்டம் 450 மி.மீ. ஆகவே பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. ஐந்தடிப் பெண்ணுக்கும் அதே உயரம், ஆறரை அடி ஆணுக்கும் அதே உயரம். இந்த அளவு தட்டின் அளவு. யாருடைய உடம்பையும் அளந்து வைத்ததில்லை. போதாக்குறைக்கு, நம் ஊர் ஜிம்களில் உள்ள இரும்பு பிளேட்டுகளில் 10 கிலோவும் 5 கிலோவும் விட்டத்தில் சின்னவை. புதிதாக வருபவர் இவற்றைப் போட்டுத் தொடங்கும்போது பார் இன்னும் கீழே, கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடக்கும். தெரியாதவருக்குக் குறைந்த எடையைக் கொடுத்து, மிகக் கடினமான உயரத்திலிருந்து தூக்கச் சொல்கிறோம். இரண்டு பக்கமும் பிளேட்டையோ பலகையையோ படுக்கப்போட்டு அதன்மேல் பாரை வையுங்கள். கீழ்முதுகு வளையாமல் பிடிக்க முடிகிற உயரம் எதுவோ அதுவே உங்கள் தரை. மாதம் போகப் போக வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாம், இறக்காமலும் இருக்கலாம்.

அறுகோண வடிவ ட்ராப் பார் உங்கள் ஜிம்மில் இருந்தால் இன்னும் விசேஷம். பாருக்குள்ளேயே நின்று, கைப்பிடிகளை உடம்பின் இருபக்கமும் பிடிக்கலாம். கணைக்காலுக்கு முன்னால் தடையே இல்லாததால் முழங்கால் இஷ்டம்போல் முன்னே வரலாம், முதுகு நிமிர்ந்துகொள்ளும். உயரமானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: பெரிய ஆட்கள் முதுகைக் கூன்போட்டுத் தூக்குகிறார்களே? லாட்வியாவின் கான்ஸ்டன்டின்ஸ் கான்ஸ்டன்டினோவ்ஸ் 2009இல் பெல்ட்கூட இல்லாமல் 426 கிலோ தூக்கியபோது மேல்முதுகு நன்றாக வளைந்துதான் இருந்தது. மேல்முதுகை வளைத்தால் உடம்பு குறுகி இடுப்பு பாருக்கு நெருங்கும். கான்ட்டுக்கு உடலமைப்பிலேயே கிடைத்ததை இவர் ஓரளவு செய்து எடுத்துக்கொண்டார். கவனிக்க வேண்டியது, தூக்குவதற்கு முன்பே வளைத்து, அதே வளைவில் இறுக்கி வைத்துக்கொள்வார்கள். தூக்கும் நடுவில் கீழ்முதுகு மடிவது வேறு சங்கதி. முதல் சில வருடங்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

உங்கள் இடுப்பின் உயரத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். கணைக்காலுக்கும் பாருக்கும் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டு நில்லுங்கள். இடுப்பைத் தாழ்த்தாமல் குனிந்து பாரைப் பிடியுங்கள். பாரை நகர்த்தாமல், கணைக்கால் அதைத் தொடும்வரை மட்டும் முழங்காலை மடக்குங்கள். அங்கிருந்து நெஞ்சை நிமிர்த்துங்கள். இடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். ஃபோனைப் பக்கவாட்டில், இடுப்பு மட்டத்தில் வைத்து வீடியோ எடுங்கள், அதுவும் கொஞ்சம் சிரமப்படுகிற எடையில். இலேசான எடையில் எல்லோர் ஃபார்மும் நன்றாகத்தான் இருக்கும். பார் கிளம்பும் முன் இடுப்பு எழுந்தால், அடுத்த செட்டில் அந்த எழுந்த உயரத்திலிருந்தே தொடங்குங்கள். முறையை மாற்றினால் இரண்டு மூன்று மாதமாவது கொடுங்கள். சுமோவுக்கு மாறிய முதல் வாரங்களில் உள்தொடை வலிப்பது சகஜம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ பாரைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இன்னொரு டீ சொல்லட்டுமா?