உருக்கின் மேற்பரப்பை விரைவாக வன்மையாக்கல்

இயந்திரமொன்றின் அச்சுத்தண்டு தேயாதிருக்க அதன் மேற்பரப்பு வன்மையாக இருத்தல் வேண்டும். ஆனால் தண்டு முழுவதும் வன்மையாயின் அது நொறுங்கும் இயல்பைப் பெற்று, திடீர் அதிர்ச்சியில் முறிந்துவிடும். ஓடும் வாகனத்தில் இவ்வாறு நிகழின் உயிராபத்து ஏற்படலாம். புறம் வன்மையாகவும் அகம் அதிர்ச்சியைத் தாங்கக்கூடியதாகவும் அமையச் செய்யும் முறைகளுள் ஒன்றே தூண்டல் வன்மையாக்கல் ஆகும்.

படிமுறைகள்

1. வெப்பமேற்றல்: ஏறத்தாழ 0.4% - 0.5% காபன் கொண்ட உருக்குத் தண்டைச் சூழ்ந்துள்ள செப்புச் சுருளினூடாக உயர் மீடிறனுடைய ஆடலோட்டம் செலுத்தப்படும். 1831 இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி தண்டில் சுழிப்போட்டம் உண்டாகும். அது பெரும்பாலும் மேற்படையிலேயே பாயும். எனவே சில செக்கன்களில் மேற்படை ஏறத்தாழ 900 பாகை செல்சியசை அடையும். அந்நேரத்தினுள் உள்ளகம் அவ்வளவு சூடாவதில்லை.

2. கட்டமைப்பு மாறல்: சாதாரண நிலையில் இவ்வுருக்கில் பெரைற்று, பேளைற்று ஆகியன காணப்படும். 727 பாகை செல்சியசுக்கு மேல் இவை ஒசுட்டினைற்றாக மாறத் தொடங்கும். காபன் அதனுள் கரையும். வெப்பமேற்றும் நேரம் குறைவாதலால் பளிங்கு மணிகள் பெருக்காமல் நுண்ணியனவாகவே இருக்கும்.

3. விரைவாகக் குளிர்த்தல்: உடனே நீர் சிவிறப்படும். மெதுவாகக் குளிர்ந்தால் காபன் வெளியேறி மீண்டும் பெரைற்றும் பேளைற்றும் தோன்றும். இங்கோ காபன் வெளியேற நேரமில்லை. சிறைப்பட்ட காபன் அணுக்கள் பளிங்கை விகாரப்படுத்துவதால் மிக வன்மையான மாட்டென்சைற்று உண்டாகும். ஜேர்மானிய உலோகவியலாளர் அடொல்ப் மாட்டென்சின் பெயரே இதற்கு இடப்பட்டது.

4. பதப்படுத்தல்: பின்னர் ஏறத்தாழ 150 - 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்க, நொறுங்கும் இயல்பு குறையும். வன்மை பெருமளவு எஞ்சியிருக்கும்.

கவனிக்க

மேற்பரப்பில் காபன் சேர்க்கப்படுகிறது என மாணவர் பலர் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். இம்முறையில் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. உருக்கின் அமைப்புக் கூறுகள் மாறாமல் நுண்கட்டமைப்பு மட்டுமே மாறுகின்றது. ஆகவே, காபன் மிகக் குறைந்த மெல்லுருக்கை இம்முறையால் போதியளவு வன்மையாக்க முடியாது.

பயிற்சி வினா

குளிர்த்தலின்போது உள்ளகமும் வெப்பத்தை இழக்கின்றது. எனினும் அது வன்மையாகாதது ஏன்?

விடை: உள்ளகம் 727 பாகை செல்சியசை அடையவில்லை. எனவே அங்கு ஒசுட்டினைற்று உண்டாகவில்லை. ஒசுட்டினைற்று இன்றி மாட்டென்சைற்று தோன்றாது.